உடன்வலி

போகோட்டா விளையாட்டரங்கில் தண்ணீர்க் குழிக்கு நேர் எதிரே, பயிற்சியாளர்களுக்கென்று கம்பி வேலி போட்டு ஓர் இடம் ஒதுக்கியிருந்தார்கள். அதற்குள் பதினைந்து பேர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஓடிக்கொண்டிருந்தார்கள்.

டாக்டர் குரியனுக்கு அப்படித்தான் தோன்றியது. இந்திய இளையோர் தடகள அணிக்கு மருத்துவராக அவர் வருவது இதுவே முதல் தடவை. டென்மார்க்கின் பயிற்சியாளர் இரண்டு கைகளாலும் விலாவைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தார். கென்யாக்காரர் கால் விரல்களை மடக்கி மடக்கி நீட்டினார். துருக்கியிலிருந்து வந்திருந்த பெண்ணின் நெற்றியில் வியர்வை சொட்டியது. வெளியே ஸ்வெட்டர் போடாமல் நிற்க முடியாத குளிர். மைதானத்தில், கட்டைகளையும் தண்ணீர்க் குழியையும் தாண்டி ஓடும் பெண்களுக்கான மூவாயிரம் மீட்டர் ஸ்டீப்பிள்சேஸ் தகுதிச் சுற்று நடந்துகொண்டிருந்தது. ஓடியது பிள்ளைகள், மூச்சு வாங்கியது பெரியவர்கள்.

"மேடம், தண்ணி ஏதாவது வேணுமா?" என்று பக்கத்திலிருந்த செண்பகவல்லியிடம் கேட்டார்.

அவள் வேண்டாம் என்று கையை ஆட்டினாள். கோவில்பட்டிக்காரி, முப்பத்தேழு வயது, ஒல்லியான உடம்பு. கண்ணை மைதானத்திலிருந்து எடுக்கவில்லை. "வேகத்தக் கூட்டிட்டா... பாருங்க... பாருங்க..."

நீலச் சட்டைப் பெண்ணொருத்தி கூட்டத்தின் நடுவிலிருந்து வெளிப்பக்கமாகப் பிரிந்து வந்தாள். இடுப்புயரக் கட்டை ஒன்று, அதற்கப்பால் தண்ணீர்க் குழி. கட்டைமேல் ஒரு காலை வைத்து உந்தினாள். குழியின் மறுகரையில் நீர் தெறிக்க இறங்கியவள் நான்கு பேரைப் பின்னால் விட்டிருந்தாள். செண்பகவல்லியின் உடம்பு நாற்காலியில் ஒரு முறை எம்பி அடங்கியது.

"அடி சக்கை! இன்பா!"

இன்பன்டா அந்தச் சுற்றில் இரண்டாவதாக வந்து இறுதிப் போட்டிக்குத் தேறினாள். வேலிக்குள் ஒவ்வொருவராக நிமிர்ந்தார்கள், முகத்தைத் துடைத்தார்கள், ஒருவரையொருவர் பார்த்து அசட்டுச் சிரிப்புச் சிரித்தார்கள்.

"இது என்ன கொடுமை மேடம்?" என்றார் குரியன். "ஸ்கேன் இருக்கு, ரத்தப் பரிசோதனை இருக்கு. எதுக்கு உங்களைப் போட்டு வாட்டணும்?"

செண்பகவல்லி தன் பிடரியைத் தொட்டுக் காட்டினாள். முடிக்குக் கீழே, நகத்தளவு வில்லை ஒன்று தோலோடு ஒட்டியிருந்தது. "இதே மாதிரி ஒண்ணு அவ கழுத்துலயும் இருக்கு. அவளுக்கு எங்க வலிச்சாலும் எனக்கும் அங்கயே வலிக்கும். முழுசா இல்ல, பாதிக்குக் கொஞ்சம் கம்மி. உடன்வலின்னு பேரு."

"அது தெரியும். ஏன்னுதான் கேட்கிறேன்."

"டாக்டர், எனக்குப் பதினாறு வயசுல கால் எலும்புல கீறல் விட்டிருச்சு. வலிக்கு சார்னு சொன்னேன். வலிக்கத்தான் செய்யும், ஓடுன்னாரு எங்க சார். அவரு கெட்டவரு இல்ல. அவருக்கு வலிக்கல, அவ்வளவுதான். மாநிலப் போட்டியில தண்ணிக் குழிக்குள்ள வச்சே எலும்பு முறிஞ்சிபோச்சு. அதோட என் ஓட்டம் முடிஞ்சுது." அவள் சொன்னதில் கசப்பு இல்லை. "இப்படி ஊருக்கு ஊர், நாட்டுக்கு நாடு எத்தன பிள்ளைங்க! அப்புறந்தான் உலகத் தடகளச் சம்மேளனத்துல இந்த விதியக் கொண்டுவந்தாங்க. இருபது வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைங்கள ஓட விடணும்னா, அதுங்க வலிய அனுபவிக்க ஒரு பெரிய ஆளு பக்கத்துல உக்காந்திருக்கணும்."

மணிக்கட்டில் இருந்த பட்டையையும் காட்டினாள். அதில் ஒரு சிவப்புப் பொத்தான். தாங்க முடியாத வலி வந்தால் அதை அழுத்திப் பிடிக்க வேண்டும். பிள்ளையின் மார்பில் குத்திய எண் அட்டையில் விளக்கு எரியும். அந்தப் பிள்ளை உடனே தடத்தை விட்டு வெளியேறிவிட வேண்டும். வலி தெரிந்தும் அழுத்தாமல் விட்டு, பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் பயிற்சியாளருக்கு ஆயுள் தடை. ஊரில் தினசரிப் பயிற்சியிலும் வில்லை ஒட்டியிருக்கும்; விளையாட்டுக் கிராமத்துக்குள் நுழையும்போதே வில்லைகளுக்கு முத்திரை வைத்துவிடுவார்கள். போட்டி முடியும் வரை கழற்றக் கூடாது, கழற்றினால் போட்டியிலிருந்து நீக்கம்.

"நல்ல விதிதான்," என்றார் குரியன்.

"நல்ல விதி," என்று ஒப்புக்கொண்டு எழுந்தவள் முகத்தைச் சுளித்தாள். இடது கெண்டைக்காலைக் கையால் நீவிக்கொண்டாள். "இந்த எடத்துலதான் வந்ததுலேர்ந்தே ஒரு வலி. அமுக்கிப் பிடிச்ச மாதிரி. கேட்டா ஒண்ணுமில்லன்னு சாதிக்கா. நீங்க ஒரு எட்டு வந்து பாருங்க."

"அவளுக்கா?"

"பின்ன யாருக்கு?"

*

இன்பன்டா தூத்துக்குடி திரேஸ்புரத்துப் பெண். அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். பதினெட்டு வயதாகியும் வாய் ஓயாது. மருத்துவ அறையின் கட்டிலில் குப்புறப் படுத்துக்கொண்டு, குரியன் காலை அமுக்கும்போது சிரித்தாள்.

"கூசுது டாக்டர்."

"வலிக்கலையா?"

"கூசுது, அவ்வளவுதான்."

குரியன் கெண்டைக்காலை அழுத்தினார், பாதத்தை மேலும் கீழும் மடக்கினார், ஸ்கேன் கருவியை வைத்துப் பார்த்தார். திரையில் தசைநார்கள் வரிவரியாக ஒழுங்காக இருந்தன.

"ஒண்ணும் இல்ல மேடம். பாடப்புத்தகத்துல போடுற மாதிரி கால்."

"அப்போ எனக்கு வலிக்கது?" செண்பகவல்லி சுவரில் சாய்ந்து இடது காலைத் தூக்கி வைத்திருந்தாள். "பிள்ளைங்க பொய் சொல்லும் டாக்டர். நானே சொல்லியிருக்கேன். பைனல்ல ஓடணும்னா எதை வேணும்னாலும் மறைக்கும். வில்லை பொய் சொல்லாது."

"நான் பொய் சொல்லலக்கா," என்று இன்பன்டா எழுந்து உட்கார்ந்தாள். முகத்தில் சிரிப்பு இல்லை. செண்பகவல்லியின் காலையே பார்த்தாள். "ஒருவேளை உங்களுக்குத்தான் வலிக்கோ என்னமோ."

"எனக்கு என்னட்டி? நான் நாற்காலியில உக்காந்திருக்கவ."

"காமிங்க, டாக்டர் இருக்காங்கல்லா."

"பேச்ச மாத்தாத."

குரியனுக்கு இரண்டு பேரையும் பார்க்கப் பாவமாக இருந்தது. செண்பகவல்லி இவளைப் பன்னிரண்டு வயதிலிருந்து பயிற்சி கொடுத்து வளர்த்தவள் என்பது அவருக்குத் தெரியும். இப்போது அவள் பொத்தானை அழுத்துவதா வேண்டாமா என்று நிற்கிறாள். அழுத்தினால் உலகப் போட்டியின் இறுதிச் சுற்று போகும். அழுத்தாமல் விட்டால், ஒரு பிள்ளையின் கால் போகலாம்.

"காலையில வலி கூடியிருந்தா நிறுத்திடுவேன்," என்றாள் செண்பகவல்லி கடைசியில். "அப்புறம் அழக் கூடாது."

"நிறுத்துங்க," என்றாள் இன்பன்டா. "ஆனா அதுக்கு முன்னாடி நீங்க கொஞ்சம் தண்ணி குடிச்சிட்டு காலை நீட்டிப் படுங்கக்கா. மத்தியானம் சாப்பிடவும் இல்ல."

"நான் சாப்பிடலன்னு ஒனக்கு யாரு சொன்னா?"

இன்பன்டா குனிந்து ஷூவை மாட்டிக்கொண்டாள்.

செண்பகவல்லி நொண்டிக்கொண்டே வெளியே போனாள். அதை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. விளையாட்டுக் கிராமத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் பாதிப் பயிற்சியாளர்கள் நொண்டிக்கொண்டுதான் நடந்தார்கள்.

*

காலையில் வலி கூடவில்லை. ஆனால் மூச்சு முட்டியது. மலைமேல் இருக்கும் ஊர், காற்று மெலிந்திருக்கிறது, பிள்ளைக்கும் பதற்றம், இரண்டும் சேர்ந்து இப்படி என்று செண்பகவல்லி தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

இறுதிப் போட்டிக்கு அரங்கு நிறைந்திருந்தது. உள்ளூர்ப் பெண்ணொருத்தியும் ஓடுவதால் கூட்டம் மத்தளங்களோடு வந்திருந்தது. பதினைந்து பேரின் பெயர்களும் அறிவிக்கப்பட்டபோது, இன்பன்டா கையைத் தலைக்கு மேல் தூக்கி ஆட்டிக் கும்மாளமிட்டாள். பக்கத்தில் கென்யாவின் ஜெரோப் சிலை மாதிரி நின்றாள். அந்த வருடம் அவளை யாரும் முந்தியதில்லை.

துப்பாக்கி வெடித்தது.

முதல் இரண்டு சுற்றுகள் ஒரே நெரிசல். கட்டைகளுக்கு முன்னால் முழங்கைகள் மோதின. டென்மார்க் பெண் ஒரு கட்டையில் தடுக்கி விழ, வேலிக்குள் அவளுடைய பயிற்சியாளர் "ஆ!" என்று முழங்காலைப் பிடித்தார். மூன்றாம் சுற்றில் ஜெரோப் வேகத்தைக் கூட்டினாள். கூட்டம் கயிறு மாதிரி நீண்டது. நான்காம் சுற்றில் அந்தக் கயிறு அறுந்தது. முன்னால் ஐந்து பேர். ஐந்தாவதாக இன்பன்டா.

"இரு, இரு, இப்ப வேண்டாம்," என்று செண்பகவல்லி முணுமுணுத்தாள். தொடை எரிந்தது. அது பிள்ளையின் எரிச்சல், பழகிய எரிச்சல். பல வருடமாக அவள் இந்த எரிச்சலோடுதான் ஓடிக்கொண்டிருக்கிறாள். இதில் ஒரு ரகசியச் சந்தோஷமும் உண்டு. தண்ணீர்க் குழியில் நின்றுபோன தன் ஓட்டத்தை இந்தப் பிள்ளை தினமும் அவள் கால்களுக்குத் திருப்பித் தந்தாள்.

ஆறாம் சுற்றில் நான்கு பேர். பிறகு மூன்று பேர். கடைசிச் சுற்றுக்கான மணி அடித்தபோது, ஜெரோப்பின் தோளுக்குப் பின்னால் நீலச் சட்டை மட்டும் இருந்தது. அரங்கம் எழுந்து நின்றது. மத்தளங்கள் அதிர்ந்தன.

அந்த நேரத்தில்தான் செண்பகவல்லியின் நெஞ்சில் கத்தி இறங்கியது.

மூச்சை உள்ளே இழுத்தாள், வரவில்லை. மறுபடி இழுத்தாள், கத்தி இன்னும் ஆழமாகப் போனது. பிள்ளைக்கு நெஞ்சு! என்று மனம் அலறியது. பிள்ளைக்கு ஏதோ ஆகிறது! மைதானத்தைப் பார்த்தாள். இன்பன்டா எதிர்ப்பக்க நேர்த்தடத்தில் ஜெரோப்பை முந்திக்கொண்டிருந்தாள். எவ்வளவு அழகாகப் போகிறாள்! இப்படிப் போகும்போதே சுருண்டு விழுந்த பிள்ளைகளைப் பற்றி அவள் கேள்விப்பட்டிருக்கிறாள்.

அவள் யோசிக்கவில்லை. பொத்தானைத் தேடினாள். கட்டை விரல் வழுக்கியது. மறுபடி வைத்தாள். விரலில் வலு இல்லை. இன்னும் கொஞ்சம் அழுத்த வேண்டும், அவ்வளவுதான். தலை முழங்கால்மேல் சாய்ந்தது.

*

இன்பன்டாவுக்கும் அந்தக் கத்தி இறங்கியது.

அது தன்னுடையது இல்லை என்று அவளுக்கு உடனே தெரிந்தது. அவளுடைய நெஞ்சு எரிந்துகொண்டிருந்தது, ஓடுகிறவளுக்கு எரிய வேண்டிய மாதிரி, உலை மாதிரி. இது வேறு. வெளியிலிருந்து, கொஞ்சம் மங்கலாக வருவது. போன வருடத்திலிருந்தே அவளுக்கு இப்படி வந்துகொண்டிருந்தது. செண்பகாக்காவின் தலைவலி, மாதவிலக்கு வயிற்று வலி, சாப்பிடாமல் கிடக்கும் நாட்களின் பசி. யாரிடமும் சொன்னதில்லை. வில்லை ஒருவழியாகத்தான் வேலை செய்ய வேண்டும், இருவழியாகப் போனால் பயிற்சியாளர் சைகை அனுப்புகிறார் என்று அர்த்தம், ஆயுள் தடை. அதனால் வாயை மூடிக்கொண்டாள். இந்த ஊருக்கு வந்ததிலிருந்து இடது கெண்டைக்காலில் வந்த வலியையும் அப்படித்தான் விழுங்கினாள்.

ஆனால் இது பெரிய வலி.

ஜெரோப்பைத் தாண்டிவிட்டாள். முன்னால் வெறும் தடம். கடைசித் தண்ணீர்க் குழி, அதன்பின் ஒரே ஒரு கட்டை, பிறகு கோடு. அரை நிமிடம்கூட ஆகாது. முடித்துவிட்டு ஓடிப் போய்ப் பார்க்கலாம். வேலிக்குள் நிமிர்ந்து பார்த்தாள். எல்லோரும் குனிந்திருந்தார்கள், எல்லோரும் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தார்கள். செண்பகாக்காவும் முழங்காலில் தலையை வைத்திருந்தாள். அந்த இடத்தில் உயிர் போகிற ஆளுக்கும் ஓட்டத்தை அனுபவிக்கிற ஆளுக்கும் யாராலும் வித்தியாசம் சொல்ல முடியாது.

கட்டைமேல் கால் வைத்து உந்தினாள். காற்றில் இருக்கும்போது வலி நின்றது.

குறையவில்லை, அப்படியே நின்றுபோனது. விளக்கை அணைத்த மாதிரி.

தண்ணீரில் இறங்கிய கால் அடுத்த அடியைத் தடத்தில் வைக்கவில்லை. இன்பன்டா வலப்பக்கம் திரும்பினாள். அரங்கத்திலிருந்து ஒரு பெரிய "ஓ" எழுந்தது. ஜெரோப் அவளைக் கடந்து போனாள், பின்னால் வந்தவர்களும் போனார்கள். இன்பன்டா ஈரக் காலோடு கம்பி வேலியில் ஏறினாள். ஆணி வைத்த ஷூ கம்பியில் சிக்கியது. தடுக்க வந்த தொண்டர் பெண்ணைத் தள்ளிவிட்டு உள்ளே குதித்தாள்.

"டாக்டர்! குரியன் டாக்டர்!"

செண்பகவல்லியின் தலையைத் தூக்கினாள். உதடு நீலமாக இருந்தது. கோட்டுக்கு அருகிலிருந்த மருத்துவக் கூடாரத்திலிருந்து குரியன் ஓடி வந்தார்.

"உனக்கு என்னாச்சு? எங்க வலிக்குது?"

"எனக்கு இல்ல டாக்டர், அக்காவுக்கு! முதல்ல இடது கெண்டைக்கால், ஊர்லேர்ந்து வந்த நாள்லேர்ந்து. இப்போ நெஞ்சுல. மூச்சு இழுத்தா குத்துது. இப்ப ஒண்ணுமே தெரியல!"

குரியன் ஒரு நொடி அவளை வெறித்துப் பார்த்தார். பிறகு செண்பகவல்லியின் ட்ராக் பேண்டை முழங்கால் வரை தூக்கினார். இடது கால் வலது காலைவிட ஒன்றரை மடங்கு வீங்கிச் சிவந்திருந்தது.

"கடவுளே," என்றார். "நேத்து நான் பார்த்தது தப்பான கால்."

*

நீண்ட விமானப் பயணத்தில் காலில் கட்டிய ரத்தம், உடைந்து நுரையீரலுக்குப் போயிருந்தது. அரங்கின் ஆம்புலன்ஸ் அவளை நேரத்தில் கொண்டு சேர்த்தது. கரைக்கும் மருந்து ஏற்றினார்கள். விடிந்த பிறகு செண்பகவல்லி கண்ணைத் திறந்தாள். முதலில் கேட்டது, "விளக்கு எரிஞ்சுதா?"

"இல்ல மேடம்," என்றார் குரியன். "நீங்க அழுத்தல. முடியல."

"பிள்ளைக்கு நெஞ்சு..."

"பிள்ளைக்கு ஒண்ணும் இல்ல."

அவள் மறுபடி தூங்கிப் போனாள். குரியன் எதையும் விளக்கவில்லை. அவருக்கு அன்று மத்தியானம் விசாரணைக் கூடத்துக்குப் போகவேண்டியிருந்தது.

விஷயம் முற்றிவிட்டது. விளக்கு எரியாமல் ஒரு பெண் தங்கத்தை விட்டு ஏன் விலகினாள்? பயிற்சியாளரின் கெண்டைக்கால் வலி அவளுக்கு எப்படித் தெரியும்? அவள் கத்தியது தொண்டர் பெண்ணின் மைக்கில் பதிவாகியிருந்தது. வில்லையில் கள்ள வேலை நடந்திருக்கிறது என்று சம்மேளனம் சந்தேகப்பட்டது. பதக்க விழாவையும் நிறுத்தி வைத்து, இறுதிப் போட்டியில் ஓடிய எல்லாப் பிள்ளைகளையும் பயிற்சியாளர்களையும் கூடத்துக்கு அழைத்திருந்தது.

கதவுக்கு வெளியே குரியன் இன்பன்டாவைத் தனியே அழைத்தார். "நம்ம அணி மேனேஜர் ஒண்ணு சொல்லச் சொன்னார். மேடம் தன் கால் வலியை உங்கிட்ட முன்னாடியே சொன்னாங்க, ஓடும்போது அவங்க சாயறதைப் பார்த்தேன்னு சொல்லிடு. முடிஞ்சுது விஷயம்."

"நீங்க என்ன சொல்லுதீங்க டாக்டர்?"

குரியன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உண்மையைச் சொன்னா மேடத்துக்கு ஆயுள் தடை வரலாம். அவங்களுக்கு வேற வாழ்க்கை கிடையாது."

"பொய் சொன்னா இதே வில்லைய மறுபடி ஒட்டிருவாங்க. மறுபடி அக்காவுக்கு ஏதாச்சும் வந்தா, மறுபடியும் என் வலின்னுதான் நெனப்பாங்க." கதவின் கைப்பிடியில் கை வைத்தாள். "அப்ப நான் பக்கத்துல இல்லாட்டி?"

உள்ளே மேசைக்குப் பின்னால் மூன்று பேர். தலைவர் முடி நரைத்த கனடாக்காரப் பெண். இன்பன்டா தமிழில் சொல்ல, குரியன் ஆங்கிலத்தில் சொன்னார். தலைவலி, பசி, வயிற்று வலி, கெண்டைக்கால், நெஞ்சு. எல்லாவற்றையும் சொன்னாள். "அக்காவுக்கு இது தெரியாது. நான் சொல்லவே இல்ல. அவங்க என் வலிய வாங்கிக்கிட்டாங்க. நான் அவங்க வலிய வாங்கிக்கிட்டேன். கள்ளத்தனம் எதுவும் இல்ல."

தலைவர் பக்கத்திலிருந்த, வில்லையை வடிவமைத்த பொறியாளரைப் பார்த்தார். அவர் மறுத்துத் தலையசைத்தார். "ஒருவழிச் சாதனம் அது. யாராவது திருத்தியிருந்தால்தான் திரும்பி வரும்."

"அப்படியானால் திருத்தியது யார்?" என்றார் தலைவர். "பயிற்சியாளரைத் தவிர வேறு யாருக்கு அதில் லாபம்?" பேனாவை எடுத்தார். முடிவு எழுதப்படுகிறது என்று எல்லோருக்கும் தெரிந்தது. இன்பன்டா மேசையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

பின்வரிசையில் ஒரு நாற்காலி நகர்ந்தது.

ஜெரோப் எழுந்து நின்றாள். போட்டிக்கு முன்னால் சிலை மாதிரி நின்ற அதே ஜெரோப். "என் கோச்சுக்கு வலது முழங்கால் தேய்ந்துபோயிருக்கிறது," என்றாள், பள்ளிக்கூட ஆங்கிலத்தில், ஒவ்வொரு சொல்லாக. "அவர் படி ஏறும்போதெல்லாம் எனக்கு வலிக்கும். நான் ஓடும்போது அவர் வயிறு எரியும். பயத்தினால். நான் தோற்றுவிடுவேனோ என்ற பயம். அந்த எரிச்சலோடுதான் நான் ஒவ்வொரு பந்தயமும் ஓடுகிறேன்."

அவளுடைய பயிற்சியாளர், நரைத்த தாடிக்காரர், அவளைத் திரும்பிப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஜெரோப், நீ சொல்வதன் பொருள் உனக்குத் தெரியுமா?" என்றார் தலைவர். "தங்கம் இப்போது உன்னுடையது."

"தெரியும்."

டென்மார்க் பெண் முழங்காலில் கட்டோடு எழுந்தாள். "எனக்கும்." துருக்கிப் பெண் எழுந்தாள். உள்ளூர்ப் பெண் எழுந்தாள், அவள் அழுதுகொண்டிருந்தாள். தனக்கு மட்டும்தான் இப்படி என்று ஒவ்வொருத்தியும் நினைத்திருந்தாள். தன் கோச்சைக் காப்பாற்ற ஒவ்வொருத்தியும் வாயை மூடியிருந்தாள். முடிவில் கூடத்தில் உட்கார்ந்தபடி இருந்தவர்கள் பெரியவர்கள் மட்டும்தான்.

பொறியாளர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "வளர்கிற நரம்பு," என்றார் மெல்ல. "நாங்கள் சாதனத்தைச் சோதித்தோம். பிள்ளைகளைச் சோதிக்கவில்லை. பிள்ளைகளின் வில்லை வலியை அனுப்புவதற்குத்தான் செய்யப்பட்டது. அவர்கள் வாங்கவும் கற்றுக்கொண்டுவிட்டார்கள்."

கென்யப் பயிற்சியாளர் எழுந்தார். யாரிடமும் அனுமதி கேட்காமல் ஜெரோப்பின் பின்னால் போய் நின்று, அவள் பிடரியிலிருந்த வில்லையின் முத்திரையை நகத்தால் கிழித்தார்.

*

அன்று மாலைக்குள் எல்லா வில்லைகளும் கழற்றப்பட்டன. சம்மேளனம் விதியை நிறுத்தி வைத்தது. அந்த இறுதிப் போட்டி செல்லாது, போட்டியின் கடைசி நாளில் மறுபடி ஓடலாம் என்றது. அதுவரை ஒரு தற்காலிக ஏற்பாடு: பயிற்சியாளர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பிள்ளைக்கு ஆபத்து என்று தோன்றினால் போனில் சொல்ல வேண்டும், நடுவர் நிறுத்துவார்.

செண்பகவல்லி மருத்துவமனைக் கட்டிலில் மூக்கில் குழாயோடு சாய்ந்திருந்தாள். எதிரே டி.வி. பக்கத்தில் குரியன், கையில் நடுவரின் எண்ணை அழைக்கத் தயாராகப் போன். குரியன் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார். கேட்டதிலிருந்து அவள் தனக்கு எந்தெந்த நாளில் என்னென்ன வலித்தது என்று நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

துப்பாக்கி வெடித்தது. அவளுடைய தொடை எரியவில்லை. மூச்சு வாங்கவில்லை. மெத்தைமேல் கால்கள் சும்மா கிடந்தன. திரையில் சின்னதாக ஒரு நீலச் சட்டை.

"ஒண்ணுமே தெரியலயே டாக்டர்," என்றாள்.

"எனக்கு எப்பவுமே இப்படித்தான் மேடம்."

இந்த முறை ஓட்டம் ஆரம்பத்திலிருந்தே வெறிபிடித்த வேகம். வில்லை இல்லாத கழுத்துகளோடு பிள்ளைகள் கட்டவிழ்த்துவிட்ட மாதிரி ஓடினார்கள். ஜெரோப் சிரித்தாள். ஓடும்போது ஜெரோப் சிரிப்பதை யாரும் பார்த்ததில்லை என்று வர்ணனையாளர் கத்தினார். ஆறாம் சுற்றில் ஜெரோப்பும் இன்பன்டாவும் சேர்ந்து தண்ணீர்க் குழிக்கு வந்தார்கள். இன்பன்டாவின் கால் ஈரக் கட்டையில் வழுக்கியது.

முகம் குப்புறத் தண்ணீரில் விழுந்தாள். செண்பகவல்லி கட்டிலில் எழுந்துவிட்டாள். ஏதோ கருவி கீச்சென்று கத்தியது. கேமரா கிட்டே போனது. இன்பன்டா எழுந்தாள், முழங்காலிலிருந்து ரத்தம் ஓடியது. ஓட ஆரம்பித்தாள். இரண்டு பேர் அவளைத் தாண்டிப் போயிருந்தார்கள்.

"நிறுத்தச் சொல்லட்டுமா?" குரியன் போனைத் தூக்கினார். "மேடம்? எலும்புல பட்டிருந்தா?"

"இருங்க."

செண்பகவல்லி திரைக்கு முன்னால் குனிந்தாள். பாதம் எப்படி விழுகிறது? எடை இரண்டு காலிலும் சமமாக இருக்கிறதா? தோள் ஒரு பக்கம் சாய்கிறதா? பல வருடங்களாக அவள் இப்படிப் பார்த்ததில்லை. பார்க்கத் தேவை இருந்ததில்லை. ஒரு கட்டை வந்தது. இன்பன்டா அதே காலை ஊன்றித் தாண்டினாள், இறங்கினாள், அடி பிசகவில்லை. முகத்தைப் பார்த்தாள். பல்லைக் கடித்திருந்தாள், ஆனால் கண் முன்னால் போகிறவளின் முதுகிலேயே இருந்தது.

"வேண்டாம்," என்றாள். "ஓடட்டும்."

"உறுதியா?"

"உறுதியால்லாம் இல்ல. ஓடட்டும்."

மணி அடித்தது. எதிர்ப்பக்கத்தில் இன்பன்டா ஒருத்தியைப் பிடித்தாள். கடைசிக் குழியை இந்தமுறை கட்டையைத் தொடாமலேயே தாண்டினாள், அரங்கம் அலறியது. "போட்டி போடு! போ பிள்ள, போ!" என்று செண்பகவல்லி குழாயைப் பிடுங்கிவிட்டுக் கத்தினாள், நர்ஸ் ஓடி வந்தாள். நேர்த்தடத்தில் இன்னொருத்தி பின்னால் போனாள். ஜெரோப்பின் முதுகு நெருங்கியது, நெருங்கியது. கோடு வந்துவிட்டது. ஒரு கை நீளத்தில் இரண்டாவது.

கோட்டைத் தாண்டிய இருவரும் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து கிடந்தார்கள். குரியன் தன்னை அறியாமல் நர்ஸின் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. பின்னால் மத்தளச் சத்தம், யாரோ பாடும் சத்தம். அதற்கு மேல் இன்பன்டா.

"அக்கா! வெள்ளிக்கா! பாத்தீங்களா? முட்டி கிழிஞ்சி தொங்குதுக்கா, உள்ளங்கையெல்லாம் ரத்தம், இடுப்புல வேற நல்ல அடி. பயங்கரமா வலிக்குக்கா!"

அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். செண்பகவல்லிக்கு எங்கும் எதுவும் வலிக்கவில்லை. போனைக் காதோடு இறுக்கிக்கொண்டாள்.

"எங்கெங்க வலிக்குன்னு ஒண்ணு விடாம சொல்லு பிள்ள," என்றாள். "கேட்டுக்கிட்டிருக்கேன்."